அண்ணாந்து குடித்தவன்

எனக்கு முதலில் தொண்டையில் நின்றது ஒரு விள்ளல் இட்லி. பெரம்பலூரில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே இருந்த கடையில், காலை ஒன்பது மணி வாக்கில். சட்னி கெட்டி என்று கடைக்காரரைக் குறை சொன்னேன். அவர் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுத்தார். மறுநாளும் நின்றது. அன்றைக்கு இட்லி கல் மாதிரி இருக்கிறது என்றேன். ஒரு வாரம் அந்த மனிதரை வைது தீர்த்துவிட்டு வேறு கடைக்கு மாறினேன். அங்கேயும் நின்றது.

அது எண்பதுகளின் தொடக்கம். எனக்கு நாற்பத்தெட்டு வயது. தொழில், பத்திர எழுத்தர். நிலம் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் இரண்டு பக்கம் உட்கார வைத்துக்கொண்டு கிரயப் பத்திரம் எழுதிக் கொடுப்பேன். வாயில் காலை முதல் மாலை வரை வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே ‘மேற்படி சொத்துக்கு நான்கெல்லையாவது’ என்று வாசித்துக் காட்டுவேன். ஒரு சொல் பிசகாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

உண்மையில் இட்லிக்கும் முன்னால் காதுதான் வலித்தது. வலது காது மட்டும். என் மனைவி தனபாக்கியம் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் விட்டாள். டவுன் டாக்டர் காதில் ஒன்றுமே இல்லை என்றார். ஒன்றுமில்லாத காது எப்படி வலிக்கும் என்று அவரோடு வாதாடிவிட்டு வந்தேன். நாக்கின் அடியில் இருக்கும் நோய் காதில் வலியாகத் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இதைப் படிக்கிற யாருக்காவது ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் வலித்தால் தொண்டையையும் காட்டிவிடுங்கள். வாதாட வேண்டாம்.

சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு தனபாக்கியம் என்னை விடவில்லை. இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்கள். பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். பத்து நாள் கழித்து டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். இளம் வயதுக்காரர், நிதானமாகப் பேசுவார்.

“நாக்கோட அடிப்பகுதில புத்துநோய். வாயைத் தொறந்தா வெளிய தெரியாத எடம், அதான் லேட்டாயிடுச்சு” என்றார். “ஆனா கைவிட்டுப் போகல. ரேடியேஷன் குடுத்தாக் கேக்கும்.”

ரேடியேஷன் (கதிர்வீச்சு) என்பதை எங்கள் பக்கம் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். உண்மையில் அதில் கரண்டு உடம்பில் ஏறுவதில்லை. கோபால்ட் என்ற உலோகத்திலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத கதிர் அது. ஆறரை வாரம், வாரத்துக்கு ஐந்து நாள்.

“ரெண்டு விஷயம்” என்றார் டாக்டர். “நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா நோய் திரும்பத் தலைதூக்கும். இன்னொண்ணு, என்ன வலிச்சாலும் வாயால சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும். ஒடம்பு தாங்கினாத்தான் என்னால முழுசா வைக்க முடியும்.”

சாப்பிடுவது ஒரு வேலையா என்று அன்றைக்கு நினைத்தேன்.

கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டார்கள். ஆறரை வாரத்துக்கும் அதைக் கழுவக் கூடாது. ஊர் நிலத்துக்கெல்லாம் நான்கெல்லை எழுதியவனுக்கு யாரோ நான்கெல்லை போட்டுவிட்டார்கள் என்று தனபாக்கியத்திடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

நான் வார்டில். அவள் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சத்திரத்தில் மூலை பிடித்து, மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்துச் சமைத்தாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் வாய் காய்ந்தது. எச்சில் சுரக்கும் சுரப்பிகளும் கதிர் படும் இடத்தில்தான் இருக்கின்றனவாம். மிச்சமிருந்த எச்சில் பத்திரம் ஒட்டுகிற கோந்து போல ஆயிற்று. மூன்றாவது வாரம் சளிச்சவ்வு (வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் இருக்கும் ஈரமான மெல்லிய தோல்) வெந்து புண்ணாயிற்று. ருசி ஒவ்வொன்றாகக் கழன்றது. இனிப்பு முதலில் போனது, உப்பு கடைசியில்.

சோறு இறங்காதபோது தனபாக்கியம் கஞ்சி வைத்தாள். கஞ்சி இறங்காதபோது அதை வடிகட்டினாள். வடிகட்டியதும் இறங்காதபோது மேலும் தண்ணீர் சேர்த்தாள். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், நானாக இருந்தாலும் செய்திருப்பேன். தண்ணியாக இருந்தால் சுலபமாக இறங்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது? அது எவ்வளவு தண்ணியாக ஆனதோ, அவ்வளவுக்கு எனக்குப் புரையேறியது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யார் உதடும் டம்ளரில் படாது. தலையை அண்ணாந்து, டம்ளரை ஒரு சாண் மேலே தூக்கி, தொண்டைக்குள் நேராக ஊற்றிக்கொள்வோம். எச்சில் படாமல் குடிப்பது எங்களுக்குச் சுத்தம் மட்டுமல்ல, நாங்கள் யார் என்று காட்டிக்கொள்கிற வழியும்கூட. வாயெல்லாம் புண்ணாகி, நாலு பேர் புழங்குகிற வார்டில் கிடந்தபோது இதில் இன்னும் கறாராக இருந்தேன். கஞ்சித் தண்ணீரையும் அண்ணாந்துதான் ஊற்றிக்கொண்டேன்.

ஊற்றியதும் புரையேறும். மூக்கு வழியாக வரும், கண்ணில் நீர் கொட்டும். தனபாக்கியம் ஓடி வந்து உச்சந்தலையில் தட்டுவாள்.

“யாரோ நெனைக்கிறாங்க” என்பாள். கொஞ்சம் பொறுத்து, “நம்ம இளங்கோதான் நெனைக்கிறான்” என்பாள்.

இளங்கோவன் எங்கள் ஒரே மகன். அப்போது அவன் வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பம்பாயில் இருக்கிறான் என்று மட்டும் தெரியும். ஒரு கடிதம் இல்லை. அவன் எங்களை நினைக்கிறான் என்பதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே தகவல் என் இருமல்தான். நான் மூச்சு முட்டி உட்கார்ந்திருப்பேன், அவள் முகம் தெளிந்துவிடும். ஒன்றிரண்டு முறை அவளுக்காகவே கொஞ்சம் வேகமாக ஊற்றிக்கொண்டேன். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த வார்டில் அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

நாலாவது வாரக் கடைசியில் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் கத்தியால் குத்துவது போல வலி. எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா (நுரையீரலில் சளி கட்டிச் சீழ் பிடிப்பது) என்றார் டாக்டர். “சாப்பாடு வயித்துக்குப் போகாம கொஞ்சங்கொஞ்சமா நுரையீரலுக்குப் போயிருக்கு” என்றார். ரேடியேஷனை நிறுத்தினார்கள். மூக்கு வழியாக இரைப்பை வரைக்கும் ரப்பர் குழாய் ஒன்றை விட்டார்கள். ஒரு வாரம் போயிற்று. காய்ச்சல் இறங்கியது, ஆனால் எச்சிலை விழுங்கினாலும் புரையேறியது, இருமல் நிற்கவில்லை.

“இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனா, இதுவரைக்கும் வெச்சதே வீணாயிடும்” என்று டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார். “தொண்டை இப்படியே தப்பு வழில விட்டுக்கிட்டு இருந்தா மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வராது.”

தனபாக்கியம் அன்றைக்கே பஸ் ஏறினாள். அவளுக்குப் பிறந்த ஊர் கல்லங்குறிச்சி. மறுநாள் பெருமாள் கோயில் தீர்த்தத்தை ஒரு மருந்து பாட்டிலில் கொண்டு வந்தாள். என் வலது கையைக் குழிக்கச் சொல்லி, மூன்று சொட்டுப் போல ஊற்றினாள். தீர்த்தத்தை யாரும் அண்ணாந்து குடிப்பதில்லை. நான் குனிந்து, கையில் வாய் வைத்து உறிஞ்சினேன். இறங்கியது. இருமல் வரவில்லை.

“பெருமாள் வழி வுட்டுட்டாருங்க” என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

வாசலில் லூர்து சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். வார்டின் மூத்த நர்ஸ், எங்களை அதட்டாமல் ஒரு நாளும் போகாதவர். குழாய் இருக்கும்போது வாயால் கொடுத்ததற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டிலருகே வந்து, “இன்னொரு தடவ குடிங்க பாப்போம்” என்றார். குடித்தேன். இறங்கியது. ஒரு டம்ளரில் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்தார்.

“இப்ப இதக் குடிங்க.”

அண்ணாந்து ஊற்றினேன். புரையேறிக் கட்டிலே ஆடியது. தனபாக்கியம் தலையில் தட்டக் கையை ஓங்கினாள். சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வூட்லயும் இப்படித்தான் குடிப்பீங்களா?”

“பரம்பரையா இப்படித்தான்” என்றேன், இருமலுக்கு நடுவிலும் கொஞ்சம் மிடுக்காக.

“நல்ல பரம்பர போங்க” என்றார். இரண்டு விரலை ஒட்டி வைத்துக் காட்டினார். “இது சோத்துக் குழாய், இது மூச்சுக் குழாய். நல்ல தொண்ட டக்குனு மூச்சுக் குழாய மூடிக்கும். உங்க தொண்ட வெந்து போயிருக்கு, மூட நேரம் புடிக்குது. நீங்க அண்ணாந்து ஊத்துறது, கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு வெள்ளத்தக் கூப்புடுற மாதிரி. தீர்த்தம் ஏன் எறங்குச்சு?”

“பெருமாள்...” என்று தனபாக்கியம் ஆரம்பித்தாள்.

“பெருமாள்தாம்மா. அவருதான் குனிய வெச்சாரு. இனிமே எல்லாத்தையும் அவரு குடுத்த மாதிரியே குடிக்கட்டும்.”

மறுநாள் காலை டாக்டரும் வந்து பார்த்தார். இதைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று அவர் வருத்தப்பட்டார். ‘தண்ணீர் எப்படிக் குடிப்பீர்கள்’ என்று யார் யாரைக் கேட்பார்கள்? அன்றிலிருந்து எனக்குப் புதிய பாடம். அதை அப்படியே எழுதுகிறேன், ஆனால் உங்கள் தொண்டை வேறு, உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு கரண்டி நுனி அளவு வாயில் வாங்கி, முகவாயை நெஞ்சில் படும்படி இறக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். உடனே லேசாகக் கனைத்து, மறுபடி ஒரு முறை வெறுமனே விழுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூச்சு, அடுத்த வாய். குழாய் இருக்கிறதே என்று தொண்டையைத் தூங்க விடக்கூடாது, வாயில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மணிக்கொரு தரம் விழுங்கிப் பழக வேண்டும். வாய் திறப்பது குறையாமல் இருக்க, குச்சி ஐஸில் வரும் தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பதினொன்றில் ஆரம்பித்தேன். ஒரு குச்சி கூடுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அன்றைக்கு வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கஞ்சித் தண்ணீரை நிறுத்தி, கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கொடுக்கச் சொன்னார் சிஸ்டர். தனபாக்கியம் பயந்தாள்.

“கெட்டியாக் குடுத்தா அடச்சிக்காதா சிஸ்டர்?”

“தண்ணி ஓடிப் போயிடும்மா, இவரு தொண்டையால அதப் புடிக்க முடியாது. கூழு மெதுவா நடந்து போவும். கட்டி இல்லாம மட்டும் கிண்டு.”

அவர் கிளம்பும்போது தனபாக்கியம் முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டாள். “அப்ப இத்தன நாளும் யாரும் நெனைக்கலையா?”

சிஸ்டருக்கு எங்கள் மகன் விஷயம் தெரியாது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்திருக்க வேண்டும். அதட்டுகிற குரலை விட்டுவிட்டு, “நெனைக்கிறவங்க நெனச்சிக்கிட்டுத்தான் இருப்பாங்கம்மா. அதுக்கு இவரு இருமணும்னு இல்ல” என்றார்.

எனக்குக் கடினமாக இருந்தது வலி அல்ல. உதடு. முகவாயை இறக்கிக்கொண்டு அண்ணாந்து குடிக்க முடியாது, டம்ளரில் வாய் வைத்தே ஆக வேண்டும். முதல் தடவை வைத்தபோது எவர்சில்வரின் விளிம்பு குளிர்ச்சியாக இருந்தது. எனக்கு உடனே சின்னதுரையின் ஞாபகம் வந்தது.

சின்னதுரை என் மகனோடு ஐ.டி.ஐ.யில் படித்தவன், வாலிகண்டபுரம் காலனிப் பையன். ஒரு வெயிலில் இளங்கோ அவனை வீட்டுக்கு அழைத்து வந்தான். தாகத்தில் அந்தப் பையன் டம்ளரில் வாய் வைத்துக் குடித்துவிட்டான். அந்த டம்ளரைக் கொல்லையில் வீசச் சொல்லி நான் கத்தினேன், அவன் வாசலைத் தாண்டும் முன்பே, அவன் காதில் விழும்படி. “தண்ணி குடிச்சதுக்காப்பா?” என்று மட்டும் இளங்கோ கேட்டான். அடுத்த மாதம் இருவருமாகப் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டார்கள். கேட்டால் எச்சில் என்று சொல்லிக்கொண்டேன். எச்சில் அல்ல என்று எனக்குத் தெரியும்.

மகனைத் துரத்திய பழக்கமே என் நுரையீரலிலும் தண்ணீர் விட்டது. கதை கட்டியது போல இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் இது பிடிக்கவில்லை, ஆனால் நடந்தது இதுதான்.

அடுத்த நாலு நாளில் இருமல் அடங்கியது. ரேடியேஷனை மறுபடி ஆரம்பித்தார்கள், முழுசாக முடித்தார்கள். கடைசி வாரம் குழாயை எடுத்துவிட்டுக் கூழிலேயே நின்றேன். ஊருக்குத் திரும்பும்போது கழுத்துத் தோல் கருத்து, சட்டைக் காலர் இரண்டு விரல் தொளதொளத்தது. மூன்று மாதம் கழித்துக் கட்டி இல்லை என்றார்கள். அன்றைக்குத்தான் தனபாக்கியம் நான்கெல்லைப் பேச்சை நினைத்துச் சிரித்தாள்.

அதற்கடுத்த வாரம் நான் வாலிகண்டபுரம் போனேன். சின்னதுரையின் அம்மா வீட்டில் பையன்களின் விலாசம் இருக்கும் என்று எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். கேட்கத்தான் போகவில்லை. அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வழக்கத்துக்காக ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து, கையில் தராமல் திண்ணைக் கட்டையின் மேல் வைத்தார். நான் குடிக்க மாட்டேன் என்றுதான் நினைத்திருப்பார்.

எடுத்து, உதட்டில் வைத்து, முகவாயை இறக்கி, ஒரு மடக்கு விழுங்கினேன். கனைத்து மறுபடி விழுங்கினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“டாக்டர் இப்படித்தான் குடிக்கச் சொல்லியிருக்காரு” என்றேன்.

சொன்னதும் வெட்கமாகிவிட்டது. அப்போதும் டாக்டரை முன்னால் நிறுத்திக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். “அன்னைக்கி நான் செஞ்சது தப்பும்மா” என்று பிறகு சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு இன்லண்ட் கவரைக் கொண்டு வந்து, விலாசம் தெரிகிற பக்கத்தைக் காட்டினார்.

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவனுக்கு அந்தக் கடிதம் எழுத மூன்று நாள் ஆயிற்று. பதில் வர ஒன்றரை மாதம். அம்மாவுக்குத்தான் எழுதியிருந்தான். வேலை, அறை, மழை என்று அரைப் பக்கம். கடைசி வரியில், ‘அப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாரா?’

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. எச்சில் முழுசாகத் திரும்பவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் எப்போதும் கூடவே இருக்கிறது. இனிப்பு பாதி தெரிகிறது. இரண்டு இட்லிக்கு அரை மணி நேரம், சோற்றுக்கு முக்கால். பழைய இட்லிக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எனக்கு மட்டும் சட்னி கெட்டியாக வரும். முன்பு நான் சாப்பிட்டதே எனக்குத் தெரியாது, பத்திரத்தைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ நினைத்துக்கொண்டிருக்கும்போது சாப்பாடு தானாக நடந்துவிடும். இப்போது ஒவ்வொரு வாயையும் நான்தான் நினைத்து அனுப்ப வேண்டும். நினைக்க மறந்தால் புரையேறும். அவசரம் என்ற ஒன்று என் நாளில் இல்லாமல் போயிற்று. முதலில் அதைக் குறையாக எண்ணினேன், இப்போது அப்படி எண்ணுவதில்லை.

அந்தக் கடிதம் வந்த அன்று மதியத்தைச் சொல்லி முடிக்கிறேன். தனபாக்கியம் அதை நாலாவது முறையாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். நான் கூழை வாயில் வைத்திருந்தேன். முகவாயை இறக்கவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் புரையேறியது.

அவள் ஓடி வந்தாள். தலையில் தட்டக் கை உயர்ந்தது, பாதியில் நின்றது. அந்தக் கையாலேயே என் தலையை மெல்லக் குனிய வைத்து, இருமல் அடங்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

“யாருங்க நெனச்சா?” என்று கேட்டாள், பழைய பழக்கத்தில்.

“நான்தான்” என்றேன். “அவன நெனச்சுட்டேன்.”